பங்காளி வேலிப் போத்து

2071ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பதினேழாம் நாள் முற்பகல் பதினொரு மணிக்கு, ஆலாங்காட்டுப்புதூரை ஒட்டி ஓடும் ஊசிப்பள்ளத்தின் தடுப்பணையில், நீர்த்தர மதிப்பீட்டு ஆணையத்தின் அலுவலர் எஸ்தர் கிருபாவதி முதல் வேர்முத்திரை வாசிப்பை நடத்தினார். பள்ளம் என்பது கொங்குப் பகுதியில் ஓடைக்கு வழங்கும் பெயர். உடனிருந்தவர்கள் இருவர். ஒருவன், பள்ளத்தின் மேல்பகுதியில் சாயப்பட்டறையும் அதையடுத்து நீண்ட கரை நிலமும் உடைய நவநீதன். வயது அறுபத்து மூன்று. மற்றவள், கீழ்ப்பகுதியில் சிறு தோட்டம் வைத்திருக்கும் தாரணி, வயது ஐம்பத்தெட்டு, நவநீதனுடைய சித்தப்பாவின் மகள். இருவரும் பேச்சை நிறுத்திப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. வாசிப்பின் முடிவு வருமாறு: நவநீதனின் கரையில் நிற்கும் செடிகள் தூய்மைப்படுத்திய நீர் முழுவதிலும் தாரணியின் முத்திரையே இருந்தது.

நவநீதன் சிரித்தான்.

“மெசினு கெட்டுப் போச்சுங்க மேடம். என்ற நிலம், என்ற கரை, நட்டது என்ற ஆளுக. இதுல இவ பேரு எங்கிருந்துங்க வந்துச்சு?”

“கருவி சரியாத்தான் இருக்கு சார். மூணு தடவை பாத்துட்டேன்,” என்றார் எஸ்தர். “செடி யாரோட நிலத்துல நிக்குதுன்னு இது பாக்காது. தண்ணிய எந்தச் செடி சுத்தம் பண்ணுச்சு, அது யாரோட வம்சம், அதை மட்டும்தான் பாக்கும்.”

“செடிக்கு என்னங்க வம்சம்? அதுக்கும் குலதெய்வம் இருக்குதாக்கு?”

எஸ்தர் சிரிக்கவில்லை. கருவியின் குழாயை நீரிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டே விளக்கினார்.

“போன வருசம் வரைக்கும் டிரோன் பறக்க விட்டு, கரையில எத்தனை அடி அகலத்துக்குப் பச்சை தெரியுதுன்னு அளந்தோம். சில ஊர்ல பச்சை வலைய விரிச்சு வச்சே ஏமாத்துனாங்க. அதனாலதான் சட்டத்தை மாத்த வேண்டியதாப் போச்சு. இப்ப ஒவ்வொரு செடிக்குள்ளயும் ஒரு நுண்ணுயிரைக் குடி வச்சிருக்கோம். வேர் எவ்வளவு நஞ்சை உறிஞ்சுதோ, அந்த அளவுக்குத்தான் அது தண்ணியில முத்திரைய விடும். உரிமையாளர் ஒவ்வொருத்தருக்கும் தனி முத்திரை. அப்புறம் நாங்க யாரையும் கேக்க வேண்டியதில்ல. தண்ணியே சொல்லிரும்.”

“எங்க கரைக்கும் ஊசி போட்டுட்டுப் போனீங்களே?”

“போட்டோம். ஆனா ஒரு செடியில ஒரு முத்திரைதான் குடியிருக்கும். உங்க செடிக்குள்ள ஏற்கெனவே ஆள் இருந்திருக்கு. உங்களோடது நுழையவே இல்ல.” எஸ்தர் சற்று நிறுத்தினார். “அந்த நுண்ணுயிர் விதையில போகாது சார். கிளைய ஒடிச்சு நட்டாப் போகும். உங்க செடியெல்லாம் எங்க வாங்குனீங்க?”

“வாங்கறதா? நொச்சியவும் பூவரசையும் எவனாச்சும் காசு குடுத்து வாங்குவானுங்களா? ஆடி மாசம் போத்து வெட்டி நட்டோம்.”

“எங்க வெட்டுனீங்க?”

பத்தொன்பது ஆண்டுகளில் முதல் முறையாக நவநீதன் தாரணியின் முகத்தை நேராகப் பார்த்தான்.

“வெட்டுறதப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேனுங்கண்ணா,” என்றாள் தாரணி. “உங்க ஆளுக அருவா மொக்கை. பட்டையெல்லாம் கிழிஞ்சுது. ஆனாலும் ஒண்ணு பாக்கியில்லாமத் தளைஞ்சிருச்சு.”

நடுவதற்காக வெட்டும் பச்சைக் கழிக்கு அங்கே போத்து என்று பெயர். பங்காளி வேலியில் போத்து வெட்டுவதற்கு எவரும் எவரையும் கேட்பதில்லை. வழக்கு நடக்கலாம், பேச்சு நின்றிருக்கலாம், ஒரு வீட்டுத் தண்ணீரை மறுவீட்டார் தொடாதிருக்கலாம். போத்து மட்டும் பொதுவாகவே இருந்து வந்தது. கேட்டு வெட்டினால்தான் அவமதிப்பு. ஆகவே, சாயப்பட்டறைக்காரர்கள் கரையில் செடி வளர்த்தாக வேண்டும் என்ற ஆணை வந்த ஆண்டில், நவநீதன் ஆணையத்தின் நாற்றங்காலுக்கு ஆள் அனுப்பவில்லை. பள்ளத்தில் எங்கும் காணாத செழிப்போடு தாரணியின் வேலி நின்றது; அங்கே அனுப்பினான். அதற்கு முந்தைய ஆண்டு நுண்ணுயிர்ச் சோதனைக்கென்று முன்வந்த ஒரே ஆள் தாரணி என்பதை அவன் விசாரிக்கவில்லை. சோதனைக்கு வந்த ஆய்வாளர்களிடம் அவள் கேட்ட ஒரே கேள்வி, போத்தில் இது போகுமா என்பதுதான். போகும், ஆகையால் எவருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று அவர்கள் எச்சரித்தார்கள். அவள் எவருக்கும் கொடுக்கவில்லை. வண்டித்தடத்தை ஒட்டிய பக்கத்தில் மட்டும் வேலியைக் கழிக்காமல் விட்டாள். கழிகள் நேராகவும் மணிக்கட்டுப் பருமனாகவும் வளர்ந்து, தடத்தில் போகிறவர்களின் கைக்கு எட்டும்படி சாய்ந்து நின்றன.

பெற்றுக்கொள்வது என்ன என்று அறியாமல் பெற்றுக்கொண்டவனுக்கு இப்போது நேர்ந்தது இதுதான். நீரைக் கெடுப்பவன் எவனும், கெடுத்த அளவுக்குத் தெளிவலகுகளைக் கையில் வைத்திருந்தாக வேண்டும். நீரைத் தெளியவைக்கும் செடிகளின் உரிமையாளருக்கு ஆணையம் அவற்றை வழங்கும். நவநீதனின் பட்டறை பெரிது. அவன் கரையும் நீளம். தன் கரை ஈட்டிய அலகுகளைக் கொண்டே தன் சாயத்தண்ணீரைச் சட்டப்படி பள்ளத்தில் விட்டுவந்தான். குறைந்ததைக் கீழ்க்கரையின் சிறு நிலத்தார்களிடம் வாங்கிக்கொண்டான். புதிய வாசிப்பின்படி, அவன் கரை ஈட்டுவதெல்லாம் தாரணிக்கு உரியது. கீழ்க்கரை முழுவதும் சேர்ந்தாலும் அவன் பட்டறைக்கு ஒரு மூலைக்குக்கூடப் போதாது. செடிகளைப் பிடுங்கலாம் என்றால், முத்திரைக்குரியவரின் ஒப்புதல் இன்றி ஒரு செடியையும் அகற்றக்கூடாது என்பது சட்டம்; மீறினால் பட்டறைக்குப் பூட்டு என்று எஸ்தர் அன்றே சொல்லியிருந்தார்.

தாரணி இதில் எதையும் பொருள் வேண்டிச் செய்யவில்லை. அவளுக்கு அகிலன் என்று ஒரு தம்பி இருந்தான். 2052ஆம் ஆண்டில், நவநீதனின் பட்டறையில் மேற்பார்வையாளனாக இருந்தபோது, அடைப்பெடுக்கக் கழிவுத்தொட்டிக்குள் இறங்கி, நச்சுவாயு தாக்கி அங்கேயே இறந்தான். குடித்துவிட்டுத் தானாகவே இறங்கினான் என்று நவநீதன் விசாரணையில் சொன்னான். பட்டறை ஆட்கள் இருவர் ஆமாம் என்றார்கள். அகிலன் குடிப்பவன் அல்லன். ஆயினும் அந்தச் சொல் தங்கிவிட்டது. அவன் மனைவி அந்தச் சொல்லோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பினாள். அவன் தாய் அதற்குப் பின் கோயில் திருவிழாவுக்குக்கூட வாசற்படி இறங்கவில்லை, இறங்காமலே இறந்தாள். மூத்த பங்காளி என்ற முறையில் நவநீதன் தலையை மழித்துக்கொண்டு பாடையின் முன்பக்கத்தைச் சுமந்தான். பொய்யைக்கூடத் தாரணி ஒருநாள் மறந்திருப்பாள். அந்த மழித்த தலையை அவளால் மறக்க முடியவில்லை.

வாசிப்பு முடிந்த மூன்றாம் நாள் பிற்பகலில் நவநீதன் அவள் வீட்டுக்கு வந்தான்.

“தாரணி, இருக்கறயா?”

“நான் எங்கீங்கண்ணா போறேன். உள்ள வாங்க.”

அவள் தண்ணீர் கொடுத்தாள். அவன் செம்பைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுக் குடித்தான்.

“நான் சண்டைக்கு வரல, அம்மிணி. அலகு பூரா உன்ற பேர்லயே இருக்கட்டும். வருசா வருசம் எனக்கே வித்துரு. சந்தை விலைக்கு மேலயே போட்டுத் தாரேன்.”

“போத்த வெட்டறப்பக் கேக்கலியே. இப்ப மட்டும் என்னத்துக்குக் கேக்கறீங்க?”

“போத்துக்கு எவன் கேப்பான்? உங்கொப்பன் எங்க வேலியில வெட்டுனதில்லியா?”

“வெட்டுனாருங்க. அதான் நானும் உங்கள ஒண்ணும் சொல்லல பாருங்க.”

அவன் குரல் உயர்ந்தது. “ராத்திரியோட ராத்திரியா அத்தனையும் பேத்துப் போட்டு வேற வெச்சனாக்க என்ன பண்ணுவ?”

“பேருங்க. ஒரு நொச்சியப் பேத்தாலும் பட்டறைக்குப் பூட்டுன்னு மேடம் உங்க முன்னாலதானுங்க சொன்னாங்க? மேலுக்குச் சொகமில்லீங்களா, காது மந்தமாயிருச்சுங்களா?”

நவநீதன் நாற்காலியில் சாய்ந்தான். வெளியே பள்ளத்தில் அன்றைய சாயம் நீலம். நொச்சி வரிசையைத் தாண்டிய பிறகு அது வெளிறி, வெறும் சோளக்கஞ்சியின் நிறத்தில் ஓடியது.

“உனக்கு என்னதான் வேணும்? வாயத் தொறந்து சொல்லு.”

“நீங்க அகிலனப் பத்தி எங்கிட்டப் பேசிப் பத்தொம்பது வருசம் ஆச்சுங்க.”

“அது முடிஞ்சு போன கதை.”

“அப்படீங்களா. அப்பப் போயிட்டு வாங்க.”

அவன் எழுந்தான், எழுந்தபடியே நின்றான். “ஊரு முன்னால சொல்லோணுமா?”

“நான் எதையும் சொல்லச் சொல்லலீங்கண்ணா. நீங்களாக் கேக்கறீங்க.”

“சொன்னா வித்துருவியா?”

தாரணி செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த மௌனத்தை அவன் தனக்குச் சாதகமாக எண்ணிக்கொண்டு வீடு திரும்பினான்.

மறுநாள் ரோகிணி வந்தாள். தாரணியின் தோட்டத்துக்கு அடுத்தாற்போல் ஒரு துண்டு நிலமும் அதன் கரையில் நாணலும் கோரையும் வைத்திருப்பவள், கணவனை இழந்தவள், நாற்பது வயதிருக்கும். மகளின் படிப்பும் வீட்டு அடுப்பும் அந்த நாணல் ஈட்டும் அலகுகளில் நடந்தன.

“அக்கா, ஊரே சிரிக்குது! போத்துத் திருடப் போயிப் பட்டறையவே பறிகுடுத்தாரேன்னு டீக்கடையில ஒரே கூத்து. எப்பக்கா விக்கறீங்க? எங்க அலகையும் சேத்து ஒண்ணாப் பேசுனீங்கன்னா நல்ல விலை வருமில்ல?”

“நான் விக்கப் போறதில்ல, ரோகிணி.”

“விக்காம வெச்சுக்கிட்டு?”

“வெச்சுக்கவும் போறதில்ல. நிரந்தரமா விலக்கி வெச்சிரலாம்னு சட்டத்துல இருக்குது. அப்படி வெச்சுட்டா அதை எவனும் எப்பவும் வாங்க முடியாது.”

ரோகிணியின் சிரிப்பு ஒரு கணம் முகத்தில் நின்றது; பிறகு மெல்ல இறங்கியது. கரைச் செடி வைத்திருக்கும் எவருக்கும் இந்தக் கணக்கு விளக்காமலே விளங்கும்.

“அப்பப் பட்டறை நின்னுரும்.”

“நின்னுரும்.”

“தண்ணி தெளிஞ்சிரும். தெளிஞ்ச தண்ணியில எங்க நாணலு எதைக்கா உறிஞ்சும்?”

“ஒண்ணையும் உறிஞ்சாது. சும்மா நிக்கும்.”

“சும்மா நிக்கற நாணலுக்கு அலகு தருவாங்களா?”

“தர மாட்டாங்க. எனக்கும் தர மாட்டாங்க.”

“உங்களுக்குத் தோட்டம் இருக்குது, மாடு இருக்குது. எங்களுக்கு என்னக்கா இருக்குது? இந்தப் பள்ளத்துல எங்களாட்டம் பதினோரு குடும்பம். அவரு மேல இருக்கற கோவத்துக்கு எங்க வவுத்துல அடிக்கறீங்களே, இது நாயமா?”

தாரணி அவளை உட்காரச் சொல்லவில்லை.

“அகிலனத் தொட்டியிலருந்து தூக்கிப் போட்டப்ப, ‘ஆமாங்க, சாராய வாடை அடிச்சுது’ன்னு சொன்ன ரெண்டு பேர்ல ஒருத்தரு உன்ற மாமனாரு.”

“நான் அப்பக் கண்ணாலமாயி இந்த ஊருக்கே வரலக்கா!”

“தெரியும்.”

“அவருக்கு வேற வழியில்ல. சொல்லலீன்னா வேலையவிட்டுத் தொரத்தியிருப்பாங்க. அவரே சாகறப்ப அதச் சொல்லி அழுதாரு.”

“அழுதாரா? எங்கம்மா காதுல விழுகற மாதிரி வந்து அழுதிருக்கலாமே.” தாரணியின் குரல் உயரவில்லை. “ஆளாளுக்கு வழியில்லாமத்தான் ரோகிணி, என்ற தம்பி குடிகாரன் ஆனான்.”

ரோகிணி கொண்டுவந்திருந்த கத்தரிக்காய்ப் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். தாரணி கதவைச் சாத்திவிட்டு வெகு நேரம் அங்கேயே நின்றாள். அவள் மனம் மாறவில்லை. மாறுமா என்று பார்ப்பதற்காகவே நின்றாள் என்றும் கொள்ளலாம்.

ஆணையத்தின் விசாரணை செப்டம்பர் இருபத்தொன்றாம் நாள் ஊர்ச் சமுதாயக்கூடத்தில் நடந்தது. பட்டறைத் தொழிலாளர்கள் சுவரோரமாக நின்றார்கள். சிறு நிலத்தார்கள் முன்வரிசையில் இருந்தார்கள். நவநீதன் வெள்ளை வேட்டி, சட்டையில் வந்து, எஸ்தர் கிருபாவதியிடம் முதலில் தான் பேச அனுமதி கேட்டான். கிடைத்ததும் கூட்டத்தின் பக்கம் திரும்பி நின்றான்.

“அகிலன் குடிக்கல,” என்றான். “அவனுக்கு அந்தப் பழக்கமே இல்ல. மறுநாளு ஆய்வுக்கு வர்றாங்கன்னு நாந்தான் எறங்கச் சொன்னேன். மொகமூடி இருந்துச்சு. அறையில வெச்சுப் பூட்டி, சாவி என்ற சட்டைப் பாக்கெட்ல இருந்துச்சு. போயி எடுத்தாற நேரமாகும்னு, ‘ரெண்டு நிமிசம்டா, சும்மா எறங்கு’ன்னேன். ‘சரிங்கண்ணா’ன்னு எறங்குனான்.”

சுவரோரத்தில் ஒரு முதியவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“சாட்சிக்காரங்க ரெண்டு பேருத்தையும் சொல்ல வெச்சதும் நாந்தான். அவங்க மேல தப்பில்ல.” அவன் தாரணியைப் பார்த்தான். “போதுமா, அம்மிணி?”

தாரணி எழுந்தாள். அவள் கேள்வி அவனுக்கன்று.

“மேடம், இவரு சொன்னது பூராப் பதிவாயிருச்சுங்களா?”

“ஆயிருச்சும்மா. குரலும் படமும் பதிவாகியிருக்கு.”

“அப்ப என்ற வார்த்தையவும் பதிவு பண்ணிக்கங்க. என்ற முத்திரையில வர்ற தெளிவலகுல ஒண்ணக்கூட நான் விக்க மாட்டேன். அத்தனையவும் நிரந்தரமா விலக்கி வைக்கறேன்.”

நவநீதனுக்கு அது உடனே விளங்கவில்லை. விளங்கியபோது கை நீட்டிக் கத்தினான்.

“ஒத்துக்கிட்டா விக்கறேன்னு சொன்னயே!”

“எப்பீங்கண்ணா சொன்னேன்?”

அவன் நினைத்துப் பார்த்தான். கூட்டம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, நின்ற இடத்திலேயே அந்தப் பிற்பகலை முதலிலிருந்து கடைசிவரை நினைத்துப் பார்த்தான். அவள் சொல்லியிருக்கவில்லை.

“பொய்யச் சொல்லிப் பத்தொம்பது வருசம் பட்டறை ஓட்டுனீங்க,” என்றாள் தாரணி. “இன்னைக்கு ஒருக்கா உண்மையச் சொன்னதுக்கு இன்னொரு பத்தொம்பது வருசம் ஓட்டலாம்னு நெனச்சீங்களாக்கு?”

“முந்நூறு பேரு வேலை செய்யறாங்கடி அங்க!”

“மொகமூடி சாவி இப்ப யாருகிட்ட இருக்குதுன்னு அந்த முந்நூறு பேருத்தையும் கேட்டுப் பாருங்க.”

எவரும் சிரிக்கவில்லை. எஸ்தர் பேனாவைக் கீழே வைத்தார்.

“தாரணியம்மா, பட்டறை நின்னா உங்க கரைக்கும் வருமானம் நின்னுபோகும். இது தெரிஞ்சுதான் சொல்றீங்களா?”

“தெரியுமுங்க.”

“கீழ்க்கரைக்காரங்க எல்லாருக்கும்?”

தாரணி முன்வரிசையைப் பார்த்தாள். ரோகிணி அவளைப் பார்க்காமல், மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதுவும் தெரியுமுங்க,” என்றாள் தாரணி.

அப்போது ரோகிணி எழுந்து, தனக்கும் ஒரு மனு இருக்கிறது என்றாள். “தண்ணி சுத்தமா வரோணும்னுதான் மேடம் எல்லாரும் உங்ககிட்ட வருவாங்க. நாங்க பதினோரு குடும்பம், அழுக்காவே வரோணும்னு கேட்டு வந்திருக்கறோம். நீங்கதான் நடச் சொன்னீங்க. நட்டோம். இத்தனை வருசம் அந்த நஞ்ச எங்க கரை குடிச்சுது, நாங்க அதுல சோறு தின்னோம். இப்பத் திடீர்னு தெளிஞ்ச தண்ணியக் குடுத்தா நாங்க எதைத் திங்கறது?”

எஸ்தர் கிருபாவதி மனுவைப் பெற்றுக்கொள்வதாக மட்டும் சொல்லிக் கூட்டத்தை முடித்தார். கூடத்தை விட்டு வெளியேறியபோது தாரணியின் இருபுறமும் வழி தாராளமாக இருந்தது. எவரும் அவளோடு சேர்ந்து நடக்கவில்லை. அவள் நிமிர்ந்தே நடந்தாள். வீட்டுக்கு வந்து, அகிலனின் படத்துக்கு முன் நின்று, “சொல்ல வெச்சுட்டேன்டா” என்றாள். வேறொன்றும் சொல்வதற்கு இல்லை.

அக்டோபர் ஐந்தாம் நாள் ஆணையம் தன் முடிவை அறிவித்தது. நவநீதனின் கரையில் நிற்கும் நொச்சியும் பூவரசும் தாரணியின் முத்திரைக்குரியவை என்றும், அவற்றின் அலகுகள் அவள் விருப்பப்படி நிரந்தரமாக விலக்கி வைக்கப்படும் என்றும், அச்செடிகள் இருக்குமிடத்திலேயே நிற்கும் என்றும் முடிவு செய்யப்பட்டது. போதிய அலகுகள் இல்லாமையால் சாயப்பட்டறையின் உரிமம் அம்மாத இறுதியோடு ரத்து செய்யப்பட்டது. அகிலனின் இறப்பைப் பற்றி நவநீதன் அளித்த வாக்குமூலம் காவல்துறைக்கு அனுப்பப்பட்டது. பழைய விசாரணை அறிக்கையில், இறந்தவர் மது அருந்தியிருந்தார் என்ற வரி நீக்கப்பட்டது. ஊசிப்பள்ளத்தின் கரைச் செடிகள் அனைத்தின் மதிப்பும், தாரணியினுடையது உட்பட, அடுத்த பருவம் முதல் சுழியம் என நிர்ணயிக்கப்பட்டது. ரோகிணியும் மற்றப் பத்துக் குடும்பத்தாரும் அளித்த மனு தனியே பரிசீலிக்கப்பட்டது. நீர் அழுக்காக வரவேண்டும் என்று கோரும் உரிமை எவருக்கும் இல்லை என்ற காரணத்தால் அது தள்ளுபடி செய்யப்பட்டது.